கோள் இல்லை என்று எழுதினேன்

வானியலில் கலாநிதி ஆய்வுப் பட்டம் படிக்க இடம் கேட்டதற்கு இரண்டாவது மறுப்புக் கடிதம் வந்தபோது நான் தரம் பத்துப் பிள்ளைகளுக்கு ஒளித்தெறிப்பு படிப்பித்துக்கொண்டிருந்தேன். மேசை லாச்சிக்குள் கைத்தொலைபேசி அதிர்ந்தது. இடைவேளை மணி அடிக்கும்வரை அதைத் தொடவில்லை. திறந்ததும் முதல் வரியிலேயே விஷயம் விளங்கிவிட்டது. விண்ணப்பித்ததற்கு மிக்க நன்றி என்று தொடங்கும் கடிதங்கள் எப்படி முடியும் என்பதை முதல் வருடமே படித்திருந்தேன்.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. கற்பிட்டியில் பிறந்து, புத்தளத்தில் உயர்தரம் படித்து, பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பட்டம் எடுத்து, விஞ்ஞான ஆசிரியையாக ஊருக்கே நியமனம் பெற்று வந்தவள். கணவர் கண்டக்குழியில் படகு இஞ்சின்கள் திருத்துகிறவர். மகளுக்கு நான்கு வயது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு என் வாழ்க்கையில் குறை ஒன்றும் தெரியாது. எனக்கும் குறை என்று சொல்லத் தெரியவில்லை. பல்கலைக்கழகத்தின் கடைசி வருடத்தில் ஒரேயொரு வானியல் பாடம் இருந்தது. அதை எடுத்தவர்கள் ஏழு பேர். மற்ற ஆறு பேருக்கும் அது புள்ளி எடுக்க இலகுவான பாடம். எனக்கு மட்டும் அது பிடித்துவிட்டது. போய்த் தொட முடியாத ஒரு நட்சத்திரத்தின் வெப்பத்தையும் நிறையையும் அதிலிருந்து வரும் ஒளியை மட்டும் வைத்துச் சொல்ல முடியும் என்று விரிவுரையாளர் கரும்பலகையில் காட்டிய அன்று, இதைத்தான் செய்யப்போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறு வருடங்கள் கழித்தும் அந்த எண்ணம் போகவில்லை.

அன்று பின்னேரம் கணவர் கைகளில் கிரீஸ் கழுவிக்கொண்டிருக்கும்போது சொன்னேன்.

"இந்த முறையும் இல்லையாம்."

"ஏனாம்?"

"ஏனெண்டு எழுதல்ல."

"அப்ப நீ கேட்டுப் பாத்தியா?"

"அப்பிடியெல்லாம் கேக்கேலா."

"ஏன் கேக்கேலா? ஒரு இஞ்சின் ஓடல்லயெண்டா ஏன் ஓடல்லயெண்டு பாக்காம அடுத்த இஞ்சினுக்கா போறது?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அடுத்த நாள் விடிகாலை சுபஹ் தொழுதுவிட்டு உட்கார்ந்து இரண்டு இடங்களுக்கும் எழுதினேன். ஒரு இடத்திலிருந்து பதிலே வரவில்லை. மற்ற இடத்திலிருந்து இரண்டு கிழமை கழித்து இரண்டே வாக்கியங்கள் வந்தன. உங்கள் பெறுபேறுகள் நன்றாக இருக்கின்றன. ஆய்வு அனுபவம் எதுவும் இல்லை.

ஆய்வு செய்ய இடம் கேட்டால் ஆய்வு செய்துவிட்டு வா என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது சிரிப்பு வரவில்லை. சரி, செய்துவிட்டே போவோம் என்று முடிவெடுத்தேன்.

பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இன்றைய வானியலில் பாதிக்கு மேல் பகல் வேலை. தொலைநோக்கி எங்கோ ஒரு மலையிலோ விண்வெளியிலோ இருக்கும். அது அளந்தெடுத்த எண்கள் கணினிக்கு வரும். அந்த எண்களுக்குள் உட்கார்ந்து தேடுவதுதான் பெரும்பாலானவர்களின் தொழில். அதிலும் பெரும்பகுதியை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம் என்று இணையத்தில் திறந்தே வைத்திருக்கிறார்கள். கற்பிட்டியில் இருக்கும் ஒரு டீச்சரும் எடுக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

நான் எடுத்தது ஒரு விண்வெளித் தொலைநோக்கியின் தரவு. அது வானத்தின் ஒரு பகுதியை ஒரு மாதமளவில் உற்றுப் பார்த்து, அங்குள்ள ஒவ்வொரு நட்சத்திரத்தின் ஒளியையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளக்கும். நட்சத்திரத்தைச் சுற்றும் கோள் ஒன்று நமக்கும் அதற்கும் இடையில் கடந்து போனால் ஒளி ஒரு துளி குறையும். வரைபில் அது சின்னப் பள்ளமாகத் தெரியும். அதே பள்ளம் ஒழுங்கான இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே கோள் இருக்கலாம். கேட்க இலகுவாக இருக்கும். எனக்குக் கணினிக்கு நிரல் எழுதவே தெரியாது. என் மூத்த சகோதரி ராத்தாவின் மகன் விட்டுப்போன பழைய மடிக்கணினியில், மகள் எழும்புவதற்கு முன் கிடைக்கும் ஒரு மணித்தியாலத்தில் படித்தேன். ஒரு வரைபு ஒழுங்காக வரைய எனக்கு இரண்டு மாதம் எடுத்தது.

அதற்குள் நாடு பண நெருக்கடியில் விழுந்து மின்வெட்டுக் காலம் வந்தது. பெட்ரோல் வரிசையில் நிற்கிற கணவரைப் பின்னேரம்தான் காணலாம். வீட்டில் கரன்ட் இருக்கும் நேரம் நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன். நான் வீட்டில் இருக்கும் நேரம் கரன்ட் இருக்காது. மூன்று நாளாக இறக்கிய கோப்பு முடியும் தறுவாயில் நின்றுபோன அன்று, நான் மடிக்கணினியை மூடிவைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் அழுதேன். கணவர் பார்த்துவிட்டார். அடுத்த நாள் வந்து, "ஐஸ் பெக்டரில போய் இரு. நான் கதச்சிட்டன்" என்றார்.

மீன் படகுகளுக்கு ஐஸ் கட்டி செய்கிற இடம் அது. அங்கே ஜெனரேட்டர் இருந்தது. அதைத் திருத்துகிறவர் என் கணவர்தான். அலுவலக அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலவிலப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் அக்கா என்றும் அவர் என்னை மிஸ் என்றும் கூப்பிட்டோம். பள்ளிக்கூடம் விட்டதும் மகளை உம்மாவிடம் விட்டுவிட்டு அங்கே போவேன். அக்கா தன் மேசையின் ஒரு பக்கத்தை ஒதுக்கி ஒரு கதிரையும் போட்டுத் தந்தார். சுவருக்கு அப்பால் இயந்திரங்கள் போடும் இரைச்சலில் சத்தமாகத்தான் கதைக்க வேண்டும்.

"மிஸ், நீங்க பாக்கிற நட்சத்திரம் எங்கட கடலுக்கு மேல தெரியுறதா?"

"இல்ல அக்கா. வெறும் கண்ணுக்கு எங்கயும் தெரியாது."

"அப்ப அது இருக்கெண்டு எப்பிடி நம்புறது?"

நான் வரைபைக் காட்டினேன். ஆயிரக்கணக்கான புள்ளிகள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார். "இது மணல் கொட்டின மாதிரி இருக்குது" என்றார். "இதுக்குள்ள என்னத்தத் தேடுறீங்க?"

"ஒரு பள்ளம்."

"கிடைச்சா?"

"இன்னும் இல்ல."

ஐந்து மாதம் அந்தப் பதிலையே சொன்னேன்.

ஆறாவது மாதம் கிடைத்தது. சூரியனைவிடக் கொஞ்சம் சிறிய ஒரு நட்சத்திரம். ஏறக்குறைய மூன்று நாளைக்கு ஒருமுறை ஒளி குறைந்தது. ஒன்பது பள்ளங்கள் வரிசையாக நின்றன. தெரிந்த கோள்களின் பட்டியலில் தேடினேன், இல்லை. சந்தேகத்தில் வைத்திருப்பவற்றின் பட்டியலிலும் இல்லை. மடிக்கணினியை அக்காவின் பக்கம் திருப்பி வைத்தேன்.

"அக்கா, பள்ளம்!"

அவர் எழும்பி வந்து பார்த்தார். இந்த முறை கண்ணாடி தேவைப்படவில்லை. "ஓம், தெரியுது!" என்று கத்தினார். ஐஸ் அள்ளிக்கொண்டிருந்த இரண்டு பேர் என்ன நடந்ததோ என்று ஓடி வந்தார்கள்.

அன்றே தென் அரைக்கோள நாடொன்றிலுள்ள ஓர் ஆராய்ச்சியாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன். அவரது கட்டுரைகளைப் படித்துத்தான் இந்த முறையையே கற்றிருந்தேன். யாரிடமும் இப்போது சொல்ல வேண்டாம் என்று கணவரிடம் சொன்னேன். அவர் ஒரே ஒருவரிடம்தான் சொன்னாராம். இரண்டு நாளில் ஊர் முகநூல் பக்கத்தில் என் படம் வந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடக் காலைக் கூட்டத்தில் அதிபர் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, எங்கள் ஆசிரியை ஒரு கோளைக் கண்டுபிடித்திருக்கிறார் என்று அறிவித்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். இன்னும் உறுதியாகவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. உண்மை அதுதான்.

புதன்கிழமை ஆராய்ச்சியாளரின் பதில் வந்தது. சுருக்கமாக, அன்பாக எழுதியிருந்தார். பள்ளம் உண்மையானது, ஆனால் மூன்று சோதனைகள் செய்து பாருங்கள் என்றார். அவற்றில் முதலாவது: ஒற்றை எண் பள்ளங்களையும் இரட்டை எண் பள்ளங்களையும் தனித்தனியாக அளந்து ஒப்பிடுங்கள்.

அந்தக் கிழமை தலவிலத் தேவாலயத் திருவிழா. மீனவர்கள் கடலுக்குப் போகவில்லை, ஐஸ் தொழிற்சாலையும் பூட்டியிருந்தது. வீட்டில் கரன்ட் இல்லை. ஆனால் ஒன்பது பள்ளங்களையும் பெரிதாக்கிப் பள்ளிக்கூடத்தில் அச்செடுத்து வைத்திருந்தேன், மகளுக்குப் பிற்காலத்தில் காட்ட. அவற்றைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். மகளின் அடிமட்டத்தையும் பென்சிலையும் எடுத்து ஒவ்வொரு பள்ளத்தின் ஆழத்தையும் அளந்து ஓரத்தில் எழுதினேன். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது எல்லாம் ஒரே அளவு. இரண்டு, நான்கு, ஆறு, எட்டும் ஒரே அளவு. ஆனால் அந்த அளவு வேறு. கொஞ்சம்தான் வித்தியாசம். அடிமட்டத்தில் ஒரு கோடு, சிலவற்றில் ஒன்றரைக் கோடு.

திரும்ப அளந்தேன். மகளைக் கூப்பிட்டு, இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு எத்தனை என்று எண்ணச் சொன்னேன். அவளும் அதையே சொன்னாள்.

ஒரே கோள் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு ஒளியைத்தான் மறைக்க வேண்டும். பள்ளங்கள் மாறி மாறி வருகின்றன என்றால் அங்கே இருப்பது கோள் அல்ல. ஒன்றையொன்று சுற்றும் இரண்டு நட்சத்திரங்கள். ஒருமுறை இது அதை மறைக்கிறது, மறுமுறை அது இதை மறைக்கிறது. வானத்தில் அப்படி எத்தனையோ சோடிகள் இருக்கின்றன. நான் கண்டுபிடித்தது அவற்றில் ஒன்று, அவ்வளவுதான்.

கணவர் வந்தபோது தாள்கள் அப்படியே கிடந்தன. விளங்கப்படுத்தினேன்.

"இத நீ சொல்லாம உட்டா இஞ்ச ஆருக்குத் தெரியப் போகுது?" என்றார்.

"எனக்குத் தெரியும்."

"நான்தான் ஊரெல்லாம் சொல்லித் தொலச்சன். ஆக்கள் சிரிக்கப் போறாங்க."

"சிரிக்கட்டும். நாளைக்கு ஒரு புள்ள என்னப் பாத்து அந்தக் கோள் எங்க மிஸ் எண்டு கேட்டா என்ன சொல்ற?"

அவர் தாள்களை ஒன்றாக அடுக்கி மேசை ஓரத்தில் வைத்தார். சோறு போட்டேன், சாப்பிட்டோம்.

ஆராய்ச்சியாளருக்கு அடுத்த நாள் காலை எழுதினேன். ஒற்றை இரட்டை அளவுகளை அப்படியே தந்து, இது கோள் இல்லை என்று நினைக்கிறேன், உங்கள் நேரத்தை எடுத்ததற்கு மன்னிக்கவும் என்று முடித்தேன். அது இலகுவாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் சொல்வதுதான் கஷ்டம். அதிபர், ஆசிரியர் கூட்டத்தில் மட்டும் சொன்னால் போதும் என்றார். காலைக் கூட்டத்தில்தான் சொல்வேன் என்று நான் பிடிவாதமாக நின்றேன். திங்கட்கிழமை மேடையில் ஏறி, போன கிழமை சொன்னது பிழை என்றேன். எப்படிப் பிழை, எப்படிக் கண்டேன் என்று இரண்டு கைகளாலும் காட்டி விளங்கப்படுத்தினேன். கைதட்டல் இல்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆசிரியர் அறையில் ஒருவர் "கோள் டீச்சர் வாறா" என்றது என் காதில் விழுந்தது. அந்தப் பெயர் ஒரு பள்ளித் தவணை முழுவதும் என் பின்னால் வந்தது.

ஐஸ் தொழிற்சாலை திறந்த அன்று நான் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. மூன்றாம் நாள் அக்கா எனக்கு ஃபோன் எடுத்தார்.

"மிஸ், கதிரைய எடுத்துப் போடவா, அப்பிடியே இருக்கட்டா?"

"இருக்கட்டும் அக்கா. இண்டைக்கு வாறன்" என்றேன்.

பத்து நாள் கழித்து ஆராய்ச்சியாளர் வீடியோவில் கதைக்க நேரம் கேட்டார். ஐஸ் தொழிற்சாலையிலிருந்துதான் கதைத்தேன். திரையில் வந்தவர் என்னைவிட நான்கைந்து வயது இளையவர். அவரை மதிப்புக்குரிய ஐயா என்று எழுதிக்கொண்டிருந்த எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இரைச்சல் என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். எங்களிடம் இப்படியான பள்ளங்கள் குவிந்து கிடக்கின்றன, பெரும்பாலானவை கோள் இல்லை, கணினி பிரித்தாலும் கடைசியில் ஒரு மனிதர் பார்க்க வேண்டும், தன் கோளைத் தானே இல்லை என்று சொல்லக்கூடியவர்கள் குறைவு, குழுவில் சேர்வீர்களா என்று கேட்டார். சம்பளம் இல்லை, கட்டுரையில் பெயர் வரும் என்றார்.

சேர்ந்தேன். ஒன்றரை வருடம் அந்த வேலையைச் செய்தேன். கிழமைக்கு ஒரு கட்டு வரைபு வரும். ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும். ஆரம்பத்தில் பயந்து எல்லாவற்றையும் கோள் இல்லை என்று தள்ளினேன். ஒருமுறை நான் தள்ளிய ஒன்றை ஆராய்ச்சியாளர் திருப்பி அனுப்பி, இதை ஏன் தள்ளினீர்கள் என்று கேட்டார். உண்மையான காரணம் என்னிடம் இருக்கவில்லை. பின்னர் வேறு தொலைநோக்கியில் பார்த்தபோது அது கோள்தான். இல்லை என்று சொல்வதற்கும் ஆதாரம் வேண்டும் என்பதை அன்று படித்தேன். அதைப் படிக்க நான் கொடுத்த விலை, ஒரு நல்ல கோளின் கட்டுரையில் என் பெயர் இல்லாமல் போனது. அடுத்த மூன்று கட்டுரைகளில் நீண்ட பெயர்ப் பட்டியலின் நடுவில் எங்கோ என் பெயரும் வந்தது. கணவர் அதை விரலால் தேடிப் பிடித்தார்.

மூன்றாவது முறையாகக் கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பித்தேன். நேர்முகம் வரை போய், அதிலும் கிடைக்கவில்லை. நான்காவது விண்ணப்பத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது அந்த ஆராய்ச்சியாளர் ஒரு வேலை விளம்பரத்தை அனுப்பினார். ஒரு புதிய தொலைநோக்கியின் தரவுச் சோதனைப் பிரிவு. கலாநிதிப் பட்டம் தேவையில்லை, வீட்டிலிருந்து செய்யலாம், வருடத்தில் ஒருமுறை தொலைநோக்கி இருக்கும் மலைக்குப் போய்வர வேண்டும். நான் ஆராய்ச்சியாளர் ஆக வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன், சோதிப்பவளாக அல்ல. இரண்டு நாள் யோசித்தேன். பிறகு அந்த ஒன்றரை வருடத்தில் எந்த வேலைக்காக விடிய எழும்பினேன் என்று யோசித்தேன். விண்ணப்பித்தேன். கிடைத்தது.

மூன்று வருட ஒப்பந்தம். அரசாங்க வேலையை விட வேண்டும். வாப்பாவிடம் சொல்லப் போனேன். அவர் கற்பிட்டியில் வெங்காயத் தோட்டம் செய்து என்னைப் படிப்பித்தவர். முற்றத்தில் வெங்காயத் தாள் வெட்டிக்கொண்டிருந்தார்.

"பென்சன் உள்ள வேல. ஆராவது உடுவாங்களா?"

"விடத்தான் போறன் வாப்பா."

"மூண்டு வருசத்துக்குப் பொறகு?"

"தெரியாது. அதுக்குள்ள அடுத்ததத் தேடிக்கொள்வன்."

"நீ எங்கட்டக் கேக்க வந்தியா, சொல்ல வந்தியா?"

"சொல்லத்தான் வந்தன்."

அவர் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "அப்ப துஆ செய்றன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி கத்தியை எடுத்தார். அதற்குப் பிறகு ஒரு மாதமளவில் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. அதையும் தாங்கிக்கொண்டேன்.

இப்போது அந்த வேலையில் இரண்டாவது வருடம். முதல் வருடப் பயணம் தள்ளிப்போய், போன மாதம்தான் முதல் தடவையாக மலைக்குப் போனேன். விமானத்திலிருந்து இறங்கி, மரமே இல்லாத மலைப் பாதையில் நான்கு மணித்தியாலம் வாகனத்தில் ஏறி, முற்பகலில் போய்ச் சேர்ந்தோம். தொலைநோக்கியின் குவிமாடம் மூடியிருந்தது. உள்ளே எத்தனை பேர்! ஏணியில் நின்று வயர் மாற்றும் மின்பணியாளர் ஒருவர். கண்ணாடியின் தூசியைத் துடைப்பதற்கென்றே பயிற்சி எடுத்த ஒரு பெண். கணினி அறையில் மூன்று பேர். எல்லோருக்கும் சமைக்கும் இருவர், நான் பன்றியிறைச்சி சாப்பிட மாட்டேன் என்று சொன்னதும் தனியாக மீன் பொரித்தார்கள். இவர்களில் பட்டம் பெற்ற வானியலாளர் அன்று ஒருவர்தான் இருந்தார், அவரும் நித்திரையில் இருந்தார்.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. படக்கருவியின் ஒரு மூலையிலிருந்து வரும் அளவுகளில் மட்டும் இரண்டு மாதமாக ஒரு சின்னப் பிசகு. மின்னஞ்சலில் கேட்டபோது தரவுப் பக்கத்துப் பிழையாக இருக்கும் என்று முடித்துவிட்டார்கள். வரைபுகளை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். படக்கருவிக்குப் பொறுப்பான பொறியியலாளரைச் சாப்பாட்டு மேசையில் பிடித்தேன். பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றார். இரண்டு மணித்தியாலம் இருந்தார். கடைசியில் எழும்பி, மின்பணியாளரையும் கூப்பிட்டுக்கொண்டு, கவசத் தொப்பி ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"வாருங்கள், கருவியை நேரில் பார்ப்போம்" என்றார்.

தலையை மூடியிருந்த முந்தானையைத் தொப்பிக்குள் சரியாகச் செருகிக்கொண்டு இரும்புப் படிகளில் அவர்கள் பின்னால் ஏறினேன்.